அறுத்த பலா

காற்றில் சாய்ந்த பலாமரம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கிடந்தது. நட்டவர் இராசையா; போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய மூத்த மகன் கிருபாகரனின் மனைவி சிவசக்தி, ஈரம் காயாத மரத்தைக் குடைந்து கிண்ணங்கள் செய்து எல்ல நகரத்து ஹோட்டல்களுக்குக் கொடுப்பவள். இளையவன் அஜந்தன் கொழும்பிலிருந்து வந்து, அடிமரத்தை முழுசாகப் பசறை மரக்கடைக்கு விலை பேசிவிட்டான். பாதியாவது தரும்படி சிவசக்தி கேட்டாள். கதவுப் பலகைக்கு நீளம் வேண்டும், துண்டு போட்டால் ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவன் லொறி கொண்டுவரப் போனான்.

கிண்ணத்துக்குத் துண்டே போதும். சிவசக்தி அடுத்த லயத்தில் மரம் அறுக்கும் வாள் இரவல் வாங்கி வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த கிருபாகரன் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

லொறி வந்தபோது அடிமரம் நாலு துண்டாகக் கிடந்தது. வெட்டுவாயில் பால் வடிந்துகொண்டிருந்தது. சிவசக்தி மரம் செதுக்கும் வாச்சியால் ஒரு துண்டின் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"இது இனிப் பலகைக்கு ஆகாது, தம்பி," என்றார் லொறிக்காரர் றிஸாத். அவர் இறங்கவே இல்லை.

அஜந்தன் துண்டுகளைப் பார்த்தான். "ஒங்கப்பன் வீட்டு மரமா அண்ணி இது?"

"எங்கப்பன் வீட்டுலருந்து வந்தது இந்த வாச்சி மட்டுந்தான். நீ பாதி குடுத்திருந்தா நான் ஏன் அறுக்கப் போறேன்?"

அவன் அவள் முடியைப் பிடித்து முகத்தை மரத்தில் மோதினான். மூக்கு உடைந்தது. பலாப்பாலில் கன்னம் ஒட்டிக்கொண்டது. பார்க்காமலே அவள் வாச்சியை வீச, அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியப் பிளந்தது. மரம் புரட்டக் கொண்டுவந்திருந்த இரும்பு அலவாங்கை அவன் எடுத்து ஓங்கினான். தலைக்கு வந்ததை அவள் வலது கையால் தடுத்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் படிவரை கேட்டது.

அப்போதுதான் கிருபாகரன் எழுந்து வந்தான். தம்பியை வயிற்றில் உதைத்தான். விழுந்த பிறகும், வாயில் ரத்தம் வந்த பிறகும் உதைத்தான். றிஸாத் ஓடிவந்து அவனை இழுத்துப் பிடித்தார். அஜந்தனைத் தூக்கி லொறியில் போட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நீங்களும் ஏறுங்கள் என்று சிவசக்தியிடம் சொன்னார்.

அவள் ஏறவில்லை. துண்டுகளின் அறுத்த பக்கம் வெயிலில் காய்ந்தால் சாயங்காலத்துக்குள் மரம் வெடித்துவிடும்.

"ஆஸ்பத்திரிக்குப் பொறவு போவோம். மொதல்ல சாணி கரைச்சுப் பூசுங்க," என்றாள் புருஷனிடம்.

"எந்தக் கையால குடையப் போற?"

அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"ஒங்க கை ரெண்டும் சும்மாதானே இருந்துச்சு."

கிருபாகரன் சாணி எடுக்கப் போனான்.