குப்பைச் சால்

இடது தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. நேற்று முழுக்க ராட்டையில் பட்டு இழைத்த வலி. கங்கையம்மாள் வலது கையாலேயே முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்பக்கம் என்றால் ஒரு பாய் விரிக்கிற இடம், அவ்வளவுதான். உள்ளே இருந்த ஒற்றை அறையைத் தறி பிடித்துக்கொண்டது போக, அவளும் புருஷன் வீராசாமியும் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். சாக்கடை ஓரம் வாய் உடைந்த ஒரு பெரிய மண்சால். கத்திரிக்காய்க் காம்பு, வாழைத்தோல், சாம்பல், தெருவில் பொறுக்கிய சாணி எல்லாம் அதற்குள் போகும். மக்கியதை அள்ளிச் சுவரோரம் போட்டு அவரைக்கொடியும் முளைக்கீரையும் வளர்த்தாள். ரேஷன் கடையில் அரிசிக்கு நின்று சோளத்தோடு திரும்பிய வருஷம் அது. பாதி நாள் குழம்புக்கு அந்தச் சால்தான் கதி.

வீட்டுக்காரம்மா தயாவதி சமணக் குடும்பம். கோடையில் ஒரு நாள், "நாத்தம் தாங்கல, தூக்கிக் கொட்டு" என்று வந்து நின்றாள். எட்டிப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை உசுரு நெளியுதேடி! எங்க கொண்டுபோய்க் கொட்டுவ? வெயில்ல செத்துடும். வெச்சுக்கோ. ஆனா குச்சி விட்டுக் கிளறாத. சுடுதண்ணி ஊத்தாத."

அன்றிலிருந்து அந்த மூலை புழுக்களின் பேரில் கங்கையம்மாளுக்குக் கிடைத்தது. தயாவதியும் தன் வீட்டுத் தோல்களைக் கொண்டுவந்து போட்டாள். உயரத்திலிருந்துதான் கொட்டுவாள், சால் மேலும் பட மாட்டாள், கங்கையம்மாள் மேலும் பட மாட்டாள்.

"நம்மகிட்ட வாடகை கேக்கறாங்க, புழுவுக்குச் சாப்பாடு போடறாங்க," என்பான் வீராசாமி. "அடுத்த ஜென்மத்துல புழுவாப் பொறக்கணும்மா."

இன்று முறத்தைக் கவிழ்க்கப் போனவள் அப்படியே நின்றாள். புழுக்களெல்லாம் மேலே வந்து வெளுத்துக் கிடந்தன. ஒன்றும் அசையவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கச்சாப் பட்டின் பசை போக அதைச் சோடாவும் சவுக்காரமும் போட்டு அவித்தார்கள். மழையில் சாக்கடை ததும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை அதில் விட்டால் தறிக்குழிக்குள் ஏறிவிடும். சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, விரல் விட்டுப் பார்த்துத்தான் சாலில் ஊற்றினாள். சூடுதான் கொல்லும் என்று நினைத்தாள். சோடாவை நினைக்கவில்லை.

புழு இல்லையென்றால் சாலுக்கு அங்கே என்ன வேலை? சால் போனால் கீரையும் போச்சு. அவசரமாக முறத்தைக் கொட்டி மூடினாள்.

அவரை நாரோடு தயாவதி வந்தாள். "ஒண்ணையும் காணோமே?"

"மழைக்கு அடியில போயிருக்கும்மா."

தயாவதி கொட்டாமல் நின்றாள். "ஒண்ணு ரெண்டு மேல இருந்தா, நாரு அதுங்க மேல விழுந்துடப் போவுது. பாத்துச் சொல்லு, கொட்டலாமா?"

கங்கையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "செத்துப்போச்சும்மா. பட்டு அவிச்ச தண்ணிய ஊத்திட்டேன். ஆற வெச்சுத்தாம்மா ஊத்தினேன்."

சாலை எடு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"நான்தான வெச்சுக்கச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுத் தயாவதி நாரோடு திரும்பிப் போனாள்.

மத்தியானம் தயாவதியின் புருஷன் சந்திரநாதன் பின்கதவில் வந்து நின்றார். "அவ இன்னிக்குப் பச்சைத் தண்ணிகூடத் தொடல. ஏன்னு கேட்டா, கங்காவைக் கேளுங்கன்றா. என்னதாம்மா நடந்துது?"

கங்கையம்மாள் பட்டினி அறியாதவள் அல்ல. நாத்து நட்ட காலத்தில் வயிற்றில் ஈரத்துணி கட்டிப் படுத்திருக்கிறாள். அதெல்லாம் சோறு இல்லாத பட்டினி. அடுப்பில் சோறு இருக்க, இவள் செய்ததற்காக ஒருத்தி காய்வது அவளுக்குப் பொறுக்கவில்லை. இழைக்க வேண்டிய பட்டை அப்படியே போட்டுவிட்டுச் சால் முன் உட்கார்ந்தாள்.

"கிறுக்கு புடிச்சுக்கினு இருக்குதா உனக்கு?" என்றான் வீராசாமி தறியிலிருந்து.

பிடி பிடியாக அள்ளி விரலால் பிரித்தாள். சோடா இறங்காத அடிமண்ணில் ஒன்று நெளிந்தது. அப்புறம் இன்னும் சில. வாழை இலைத் துண்டில் ஈரமண் வைத்து அவற்றை விட்டு, பொழுது சாய்வதற்குள் என்று ஓடினாள். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடமாட்டார்கள்.

தயாவதி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"சோடா பட்ட மண்ணை வழிச்சுட்டுச் சால்லயே விடு. நெழல்ல வை."

"நீங்க சாப்பிடுங்கம்மா. பொழுது இருக்குது இன்னும்."

"செத்தது செத்ததுதானேடி," என்றாள் தயாவதி. "நாளைக்குத்தான்."

இலையின் விளிம்புக்கு ஏறிய ஒரு புழுவைக் கங்கையம்மாள் சுண்டுவிரலால் உள்ளே தள்ளினாள். கூரை ஓட்டிலிருந்து வெயில் இறங்கிப் போய்விட்டது. தயாவதியின் ஒரு நாள் சோற்றுக்கு அவள் கடன்பட்டிருந்தாள்.