வெள்ளை அறையில் ஒரு புள்ளி

"நான் நல்லதுக்குத்தானே—"

"நல்லதுக்கா? காத்துக் குழாயை வச்சு—"

"மெதுவாத்தான் ஊதினேன், நம்பு, மெதுவா—"

"லென்ஸை வேற வெளியே நீட்டி வச்சு ஊதியிருக்கீங்க! மூடி வச்சு ஊதியிருந்தாக்கூட பிழைச்சிருக்கும்!"

"நீட்டினாத்தானே இடுக்குல இருக்கற தூசி போகும்?"

"போச்சு. நேரா உள்ளே போச்சு."

தச்சர் மனைவி கையிலிருந்த கேமராவை எட்டிப் பார்த்தார். பட்டறையைச் சாத்தும் முன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து எல்லாவற்றையும் ஊதுவது அவர் வழக்கம். இழைப்பு மெஷின், ஸ்விட்ச் போர்டு, சட்டை, தலைமுடி, ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக்கூட ஊதியிருக்கிறார். நேற்று மேஜைமேல் மனைவியின் கேமரா மரத்தூள் படிந்து கிடந்தது. பாவமாயிருந்ததாம். ஊதிவிட்டார்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கேமரா அது. பார்த்தால் விளையாட்டுச் சாமான், திருகிப் பார்த்தால் பெரிய கேமரா செய்கிற வேலையில் பாதியைச் செய்யும். லென்ஸைக் கழற்ற முடியாது. உள்ளே தூசி போனால் கம்பெனிக்கு அனுப்பி முழுசாகப் பிரிக்க வேண்டும். அனுப்பினால் எப்போது திரும்பும் என்று அனுப்புகிறவனுக்கே தெரியாது.

இன்றைக்குப் பார்த்தா? இன்று அவளுக்கு முதல் வேலை.

இவர் செய்து கொடுத்த கட்டில்களை அவள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுத்தான் லாட்ஜ் மேடம் கூப்பிட்டிருந்தார். புது லாட்ஜ். நாளை முதல் ஆட்கள் தங்க வருகிறார்கள், அதற்குள் அறைகளைப் படம் எடுக்க வேண்டும். நன்றாக வந்தால் மேடத்தின் மற்ற லாட்ஜ்களும் அவளுக்குத்தான். முதலில் ஸ்டுடியோ வைத்திருக்கிற அவளுடைய அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். அவர் குடை விளக்கு, கேமராவை நிறுத்துகிற முக்காலி எல்லாம் கொண்டுபோனார். குளியலறைக்குள் அவரும் முக்காலியும் சேர்ந்து நிற்க இடமில்லை. முக்காலி மட்டும் நின்றது. "ரூம்னு கட்டினீங்களா, பீரோ கட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். மேடத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை.

"அந்த லாட்ஜ்ல என்ன கலர்?" என்றார் தச்சர் மெல்ல.

"வெள்ளை. சுவர் வெள்ளை, மெத்தை வெள்ளை, பாத்ரூம் வெள்ளை. நீங்க வச்ச புள்ளி மட்டும் கறுப்பு."

காட்டினாள். எந்தப் படத்தை எடுத்தாலும் வலது மேல் மூலையில் மிளகு ஒட்டினதுபோல் ஒன்று.

"இவ்வளவுதானா? இது ஏதோ கொசுன்னு சொல்லிடலாம்."

"ஒவ்வொரு ரூம்லயும் அதே மூலையில அதே கொசுவா?"

அவள் போனை எடுத்தாள். இதே கேமரா வைத்திருக்கிறவர்கள் கூடிப் புலம்புகிற குழு ஒன்று உண்டு. அங்கே கேட்டுவைத்தாள், பதில்கள் வந்து விழுந்தன.

"என்னுதிலயும் புள்ளி இருக்கு. பாக்கெட்ல போட்டதே தப்பு."

"பாக்கெட்ல போடத்தானே சின்னதா வாங்கினோம்?"

"வேக்யூம் கிளீனரை லென்ஸ் வாயில வச்சு உறிஞ்சுங்க. எனக்குப் போயிடுச்சு."

"எனக்கும் போயிடுச்சு. கேமராவே போயிடுச்சு."

தோள் பக்கமாக எட்டிப் படித்துக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்தார். "உறிஞ்சற மெஷின் நம்ம பட்டறையிலயே இருக்கே! பெரிசு!"

"தொட்டீங்கன்னா பாருங்க."

"சும்மா வாயில வச்சு ஒரே ஒரு—"

"ஊதினது போதும், உறிஞ்ச வேண்டாம். கையைக் கட்டிட்டு உக்காருங்க."

கடைசியாக ஒரு பல் டாக்டர் எழுதியிருந்தார். அவரும் அதே கேமராக்காரர். "வெளிச்சம் நுழையற துளையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்து வச்சு எடுங்க. புள்ளி கரைஞ்சிடும். நான் அப்படித்தான் குப்பை கொட்டறேன்."

அவள் வெள்ளைப் போர்வை ஒன்றைக் கொடியில் போட்டு எடுத்துப் பார்த்தாள். துளை சின்னதாக இருந்தபோது மிளகு. கொஞ்சம் திறந்தாள், அழுக்கு விரல் பட்ட மாதிரி ஆனது. முழுசாகத் திறந்தாள். போர்வை மட்டும் இருந்தது.

"போயிடுச்சா?"

"போகலை. அங்கேயேதான் இருக்கு. நான் தெரியவிட மாட்டேன்."

"கட்டிலும் சுவரும் சேர்ந்து தெளிவா வருமா?"

"பெரிய கேமரான்னா வராது. சின்னதுல வரும். ரூமும் சின்னதுதானே? கிளம்புங்க, தலையணை சரிபண்ண ஆள் வேணும்."

தச்சர் எதையோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் செருப்பைத் தேடினார். என்ன சொல்ல வந்தார் என்பது லாட்ஜ் வாசலில் தெரிந்தது. அங்கே அண்ணன் இரண்டு பையோடும் குடை விளக்கோடும் நின்றுகொண்டிருந்தார்.

"வா பாப்பா. மாப்பிள்ளை காலையிலேயே போன் பண்ணிட்டார். உன் சோப்பு டப்பா கேமரா கெட்டுப்போச்சாமே?"

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"கெடலை அண்ணா. நான் எடுத்துக்கறேன்."

"கெட்டுப்போன டப்பாவை வச்சுக்கிட்டு வீம்பு பண்ணாதே. நான் எடுத்துத் தரேன், நீ எடுத்தேன்னு சொல்லிக்கோ. நானா வந்து இல்லேன்னு சொல்லப் போறேன்?"

"நான் எடுக்காததை நான் எடுத்தேன்னு எதுக்குச் சொல்லணும்?"

"அட, உன் நல்லதுக்குத்தான்—"

"இன்னிக்கு எனக்கு எல்லாரும் நல்லதுதான் பண்றீங்க."

மேடம் சாவிக்கொத்தோடு இறங்கி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இவர் எதுக்கு? யார் எடுக்கப் போறது?"

"நான்தான் மேடம். ஒண்ணு சொல்லிடறேன். என் கேமராவுக்குள்ள தூசி போயிருக்கு. படத்துல தெரியாம எடுக்க எனக்கு வழி தெரியும். முதல் ரூம் எடுத்துக் காட்டறேன். புள்ளி தெரிஞ்சா நான் போயிடறேன், அண்ணன் எடுக்கட்டும்."

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்றே?"

"நாளைக்கு நீங்களா கண்டுபிடிச்சுக் கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?"

மேடம் முதல் அறைக் கதவில் சாவியைத் திருப்பினார்.

அவள் மூலையில் முதுகை ஒட்டி நின்றாள். அங்கே அண்ணனின் முக்காலியின் ஒரு காலைக்கூட வைக்க முடியாது. கட்டில் எடுத்தாள், ஜன்னல் எடுத்தாள், குளியலறையில் மூடிய கம்மோட்மேல் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை எடுத்தாள். தச்சர் தலையணையைத் தட்டித் தட்டி வைத்தார். அதுவரை தொல்லை இல்லை. பிறகு மேடம் பால்கனிக் கதவைத் திறந்தார்.

"இதுதான் முக்கியம். இதைப் பார்த்துத்தான் ஆளுங்க வருவாங்க."

வெள்ளையடித்த கைப்பிடிச்சுவர், அதன்மேல் உச்சி வெயில். திரையில் பார்த்தால் சுவரும் இல்லை, வானமும் இல்லை, வெறும் வெளுப்பு.

"துளையை மூடு பாப்பா," என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "இவ்வளவு வெயில்ல யாராவது திறந்து வைப்பாங்களா?"

"மூடினா புள்ளி வந்துடும்."

"மூடாட்டி படமே வராதே! அதுக்கு மேல வேகமா எடுக்க உன் டப்பாவால முடியாது. என் கேமராவை வாங்கிக்கோ. இந்தா."

பெரிய கேமராவை நீட்டினார். கனமான, நல்ல கேமரா. அவள் அதைப் பார்த்தாள். மேடமும் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க."

பட்டன்களை அழுத்தி எதையோ தேடினாள். உள்ளேயே ஒரு கறுப்புக் கண்ணாடி உண்டு, வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போடுகிற மாதிரி. வாங்கினதிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் கம்பெனிக்காரப் பாவி? இங்கே இல்லை. இங்கேயும் இல்லை. நெற்றி வியர்வை திரையில் சொட்டியது, முந்தானையால் துடைத்தாள்.

"நேரம் போகுது," என்றார் மேடம்.

"போகட்டும் மேடம். ஒரு நிமிஷம்."

கிடைத்தது. வெளுப்பு அடங்கியது. சுவரின் விளிம்பு வந்தது, வானம் நீலமாயிற்று. எடுத்தாள். சந்தேகத்துக்கு இன்னொன்று எடுத்தாள். கேமராவை மேடம் கையில் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மேடம் படத்தைப் பெரிதாக்கி வலது மூலையைப் பார்த்தார். இடது மூலையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அண்ணனும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தப்பாது, அது அவளுக்குத் தெரியும்.

"சொல்லுங்க," என்றார் மேடம் அவரிடம். "நீங்கதான் பெரிய ஆளாச்சே. புள்ளி இருக்கா?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இல்லை."

மேடம் சாவிக்கொத்தைத் தச்சரிடம் கொடுத்தார். "மேல் மாடி முழுக்க பாக்கி இருக்கு. திறந்து விடுங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்கு முடியணும்."

அடுத்த அறை இன்னும் சின்னது. தச்சர் ஓடிப்போய் போர்வையை இழுத்துவிட்டார். அவள் மூலைக்குப் போய்க் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். திரையில் கட்டில் வந்தது, ஜன்னல் வந்தது, கதவு நிலை வந்தது. கதவு நிலையில் கையில் குடை விளக்கோடு, போவதா இருப்பதா என்று தெரியாமல், அண்ணன்.

"அண்ணா, கொஞ்சம் வெளியே நில்லு. படத்துல விழறே."