ஓர வரிசைக் கீரை

விடியுமுன் எழுந்தான். பால் வாங்கி வந்தான். உலை வைத்தான். மகள் முத்துமணிக்கு இரட்டைச் சடை போட்டான். ஒன்று மேலே நின்றது, ஒன்று கீழே. மனைவி பிரேமா இறந்துபோன பிறகு மணிகண்டபிரபுவுக்குக் கை மட்டும்தான் வேலை செய்தது. மனசு மரத்துக் கிடந்தது.

அன்று ஞாயிறு. பிரேமாவின் அக்கா மாரித்தாய் புதூரிலிருந்து வந்தாள். வந்ததும் அடுப்படியைப் பார்த்தாள்.

"நெதமும் கடைச் சாம்பார்தானா தம்பி? பிள்ளை வத்திப்போய்க் கெடக்கு. நான் புதூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் மகளைப் பார்த்தான். பிள்ளையும் போய்விட்டால் வீட்டில் சுவர்தான் மிச்சம்.

"இன்னைக்கு நான் சமைக்கேன் மதினி. குசும்பாக் கீரை கடையுதேன். சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

மாடு நுழையாமலிருக்கக் கொத்தமல்லிக் காட்டின் ஓரத்தில் வேலி போலக் குசும்பா விதைப்பார்கள். முற்றினால் முள், இளசில் கீரை. மூவரும் அவன் காட்டுக்குப் போனார்கள். மாரித்தாய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ஒடித்தான், மகள் பையைப் பிடித்தாள். ஓர வரிசையில் நிற்பதெல்லாம் தான் விதைத்ததுதான் என்ற நினைப்பில் அவன் இலையைப் பார்க்கவே இல்லை.

"யப்பா, ஒங்க கையெல்லாம் மஞ்சளா இருக்கு."

பார்த்தான். குசும்பாவை ஒடித்தால் பால் வராது. மஞ்சள் பால் வருவது பிரம்மதண்டுச் செடிக்கு, அது விஷம். அதற்கும் முள் இலைதான். ஆனால் நிறம் சாம்பல் பூத்த பச்சை, நரம்பெல்லாம் வெள்ளைக் கோடு. மழைக்கு அதே வரிசையில் தானாக முளைத்திருந்தது.

மாரித்தாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒடித்ததையெல்லாம் பையோடு ஒரு குழியில் போட்டு மண் தள்ளினான். கிணற்றடியில் கையைத் தேய்த்துக் கழுவினான். மாரித்தாயின் பையை வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

"இனி நீதான் அம்பயர். கோடு இருந்தா சொல்லு."

"அவுட்டு யப்பா. வெள்ளைக் கோடு."

"ரிவியூ கேக்கேன்."

"ஒங்களுக்கு ரிவியூ எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"ஏட்டி அம்பயரு," என்றாள் வரப்பிலிருந்து மாரித்தாய், "ஒங்கப்பனுக்கு அவுட்டாவே குடுத்தா மத்தியானம் எதைத் திங்க?"

அவன் சிரித்துவிட்டான். சத்தம் யாருடையதோ போல இருந்தது. மகள் அவனையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள், நிறுத்தவே இல்லை.

வீட்டில் ஒவ்வொரு தண்டையும் மறுபடி ஒடித்துப் பார்த்துத்தான் கடைந்தான். மாரித்தாய் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் மினிபஸ் வந்தது. தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினாள். பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று, மகளை இடுப்போடு இறுக்கியபடி அவன் நின்றான். வண்டி நகரும்போது மாரித்தாய் சன்னலில் தலையை நீட்டினாள்.

"உப்பு ஒரு கல்லு கூடுதல் தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன், பாத்துப் போடுங்க."