நான்காவது தட்டு

மூன்று தட்டுதான் இருந்தது. செபாஸ்டின் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எண்ணினான், தள்ளி வைத்து எண்ணினான். எப்படி எண்ணினாலும் மூன்றுதான்.

"அம்மா, குடிலை இன்னொருக்கா காட்டுங்க."

"அதான் காட்டுனனே சாமி." மரியசெல்வியின் கையிலிருந்த போன் சட்டென்று மேலே திரும்பி ஓட்டுக்கூரையைக் காட்டியது. "இந்த நெட்டு வேற இழுத்துக்கிட்டே கெடக்குது. நீ சாப்பிட்டயா?"

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையில் அப்போது இரவு ஏழு மணி. செபாஸ்டின் இருந்த தெற்கு சூடானில் மத்தியானம் மூன்றரை. ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பியோடு அவன் இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. கேம்ப்பில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது சமையல்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் மட்டும்தான். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகத்தான் மீதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்தையும் அவன் தள்ளிக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்று டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பது பல வீடுகளில் உண்டு. சிங்கராயர் வீட்டில் மட்டும் அதற்கு மேல் ஒரு வழக்கம். ஆளுக்கொரு தட்டு. விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதுவார்கள். யார் தட்டு செழிப்பாக வருகிறதோ அவருக்கு வரும் வருஷம் செழிப்பு. யார் தட்டு சோடை போகிறதோ, அவரைப் பற்றி மரியசெல்வி வாய் திறக்க மாட்டாள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் பிரசங்கத்திலேயே பிடித்துக்கொள்வார் என்று அவரிடமும் மூச்சு விட மாட்டாள். ஒரு வருஷம் பெரியத்தையின் தட்டு அழுகிப்போனது. அடுத்த ஆடியில் பெரியத்தை போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு எண்பத்தாறு வயது என்பதை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இப்போது நாலு பேர். அப்பா சிங்கராயர், அம்மா, மனைவி ஸ்டெஃபி, தூரத்தில் இருந்தாலும் செபாஸ்டின். நாலு தட்டு இருக்க வேண்டும். இழுத்து இழுத்து வந்த படத்தில் பிளாஸ்திரியில் இருந்த பெயர்களைப் படிக்க முடியவில்லை. அம்மா எதிரே பேசிக்கொண்டிருக்கிறாள். ஸ்டெஃபி பின்னால் நின்று தேவைக்கு மேல் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா எங்கீங்கம்மா?"

"தோட்டத்துல காப்பிப் பழம் பறிக்கறாருப்பா."

ஏழு மணி இருட்டில் எவன் காப்பிப் பழம் பறிப்பான்? அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பஞ்சாபிக்காரன் தோளைத் தட்டினான். நேரம் முடிந்துவிட்டது.

மறுநாள் கேட்டான். அப்பா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார். ஆயுசில் ஒரு பாட்டை முழுசாகப் பாடாத மனுஷன்! அதற்கடுத்த நாள் ஸ்டெஃபிதான் போனை எடுத்தாள்.

"மாமா படுத்துட்டாருங்க. அசதியாம்."

"ஏழு மணிக்கா? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க சும்மா எதையாச்சும் நெனச்சுக்காதீங்க."

நினைக்காதே என்று சொன்ன பிறகு நினைக்காமல் இருக்க அவன் என்ன கல்லா? அன்று சாயங்காலம் காவல் மேடையில் துப்பாக்கியோடு நின்றபோது எதிரே விரிந்து கிடந்த காய்ந்த புல்வெளி அவன் கண்ணில் படவேயில்லை. ஒரு தட்டுதான் கண்ணுக்குள் நின்றது, பெயர் எழுதிய பிளாஸ்திரியோடு.

பயப்படக் காரணமும் இருந்தது. வண்டி ஓட்டும் ஹரிஹரன் நாமக்கல்காரன், செபாஸ்டினின் கட்டிலுக்கு அடுத்த கட்டில். போன மாதம் அவன் அண்ணன் பைக்கில் அடிபட்டு இறந்துபோனார். வீட்டில் பன்னிரண்டு நாள் அவனுக்குச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் தினம் போன் பேசினான், அண்ணி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். "அந்தச் சிரிப்புலயே நான் கண்டுபிடிச்சிருக்கோணும்டா" என்று இப்போதும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருப்பான்.

ஸ்டெஃபியும்தான் சிரித்தாள்.

இத்தனைக்கும் நடுவில் கேம்ப்பின் வேலை நிற்கவில்லை. விடியற்காலை தண்ணீர் லாரிக்குத் துணையாக ஆற்றுக்குப் போய் வர வேண்டும். வந்ததும் மண்மூட்டை அடுக்க வேண்டும். மத்தியானம் வண்டியின் அடியில் படுத்து கிரீஸ் வைக்க வேண்டும். மலேரியா மாத்திரை விழுங்க வேண்டும், விழுங்கியதைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். போதாக்குறைக்கு சுபேதார் அவனைக் கூப்பிட்டு, இந்தக் கம்பெனியில் நீதானே கிறிஸ்தவன், கிறிஸ்துமஸ் உன் பொறுப்பு என்று இந்தியில் உத்தரவு போட்டுவிட்டார். அதனால் அவன் ரேஷன் பெட்டியை வெட்டிக் குடில் கட்டினான். புல்லுக்குக் கேழ்வரகு கிடைக்காமல், சந்தையில் ஒரு அம்மாளிடம் சோளம் வாங்கிச் சாப்பாட்டுத் தட்டில் விதைத்தான். அந்த ஊர் வெக்கைக்கு அது இரண்டே நாளில் முளைத்து, ஆளைப் பார்த்துத் தலையாட்டியது. வேறொரு வருஷமாக இருந்தால் அவனுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கும்.

இருபத்துமூன்றாம் தேதி, செம்மநத்தத்தில் இருக்கும் ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டான். அப்பாவின் பழைய சிநேகிதர், மிளகுக்கொடி கட்டுவதில் கூட்டாளி.

"ஏனுங்க மாமா, எங்கப்பா எப்படி இருக்காரு? மறைக்காம சொல்லுங்க."

"உங்கப்பனுக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்காரு. நேத்துக்கூட பஸ்ஸுல பாத்தேன்."

"சத்தியமா?"

"அட, இதுக்கெதுக்குச் சத்தியம்?"

அவர் சத்தியம் செய்யவில்லை என்பதை மட்டும் செபாஸ்டின் பிடித்துக்கொண்டான். ஊரே கூடி மறைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். சாப்பாடு இறங்கவில்லை. கட்டிலில் படுத்தான், எழுந்தான், பூட்ஸைத் துடைத்தான், துடைத்த பூட்ஸையே மறுபடி துடைத்தான். "பூட்ஸு தேஞ்சிரும்டா" என்றான் ஹரிஹரன்.

இருபத்துநாலாம் தேதி மூன்றரைக்கு அவன் ஹலோ கூடச் சொல்லவில்லை.

"அப்பாகிட்டப் போனைக் குடுங்க. இல்லீன்னா நான் சுபேதார்கிட்டச் சொல்லி ஊருக்குப் பேக்ஸ் அடிக்கச் சொல்லுவேன். போலீஸுக்காரங்க ஊட்டுக்கு வந்து பாத்துச் சொல்லட்டும்."

அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. போன் கை மாறியது. திரையில் முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு நரைத்த மீசை. பிறகு முழு அப்பா, மஃப்ளரோடு, இரண்டு காலில் நின்றுகொண்டு.

செபாஸ்டினுக்கு அழுகை வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அழுதான். பஞ்சாபிக்காரன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எங்கீங்கப்பா போனீங்க நாலு நாளா?"

"எங்கயும் போவுல கண்ணு." சிங்கராயர் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பொய் சொல்ல வராது. உனக்குத் தெரியுமில்ல. அதான் நீ கூப்புடற நேரத்துக்கு மாட்டுக் கொட்டாய்ல போயி உக்காந்துக்கிட்டேன்."

"என்ன பொய்யி?"

"தட்டு முளைக்குல."

"யாரு தட்டு?"

அம்மாதான் பின்னாலிருந்து அழுதுகொண்டே சொன்னாள். போன லீவில் செபாஸ்டின் தன் கையால் அடித்துத் தூற்றிய கேழ்வரகில் ஒரு படியை, அவன் தட்டுக்கென்றே தனியாக எடுத்து வைத்திருந்தாளாம். பூச்சி அரிக்கக் கூடாது என்று டப்பாவில் போட்டு, அடுப்புக்கு நேர் மேலே பரணில் வைத்தாளாம். பத்து மாசம் சூடு ஏறி ஏறி விதை செத்துப்போனது அவளுக்கு எப்படித் தெரியும்? மற்ற மூன்று தட்டுக்கும் சாதாரணமாக மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டது. அதெல்லாம் முளைத்துவிட்டது.

"அவ்வளவுதானா?" செபாஸ்டின் சிரித்தான். பாரம் மொத்தமும் இறங்கியதில் வயிறு வலிக்கச் சிரித்தான். "நான் உங்களையெல்லாம் நெனச்சு நாலு நாளா சோறு திங்குல. என்ற தட்டு முளைக்குலன்னா எனக்கென்னங்கம்மா? இங்க என்ன சண்டையா நடக்குது? வாலிபால் வெளையாடறோம், திங்கறோம், தூங்கறோம்."

டிசம்பர் முதல் வாரம் வடக்கு ரோட்டில் ஹரிஹரனின் வண்டிக் கண்ணாடியில் இரண்டு குண்டு பட்டிருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தது செபாஸ்டின்தான். அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மறைப்பதில் அந்தக் குடும்பத்தில் சிங்கராயரைத் தவிர யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

அம்மாவைச் சமாதானப்படுத்த ஓடிப்போய்ச் சோளத் தட்டைக் கொண்டுவந்து காட்டினான். "பாருங்க, என்ற தட்டு இங்க முளைச்சிருக்குது."

செய்திருக்கக் கூடாது. மரியசெல்வியின் முகம் இன்னும் வெளுத்துப்போனது.

"அங்க முளைச்சு என்ன சாமி பண்றது? நீ இங்க வரோணுமில்ல? இங்கதான் முளைக்கோணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்பவே வெதைக்கறேன். சனவரி ஆறு, மூணு ராசா திருநாள் வரைக்கும் குடில் இருக்குதில்ல. அதுக்குள்ள வந்துரும்."

கிறிஸ்துமஸ் வந்து போனது. படாகானா என்று எல்லோருக்கும் ஒரே பந்தியில் விருந்து நடந்தது. சுபேதார் பருத்திப் பஞ்சைத் தாடியாக ஒட்டிக்கொண்டு கேக் கொடுத்தார். குடிலைப் பார்த்து ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். செபாஸ்டின் எல்லாவற்றிலும் நின்றான், ஆனால் உள்ளுக்குள் ஒரு எலி புகுந்துவிட்டிருந்தது. பிள்ளைத்தனம், மூடநம்பிக்கை என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டான். தினமும் மூன்றரைக்கு முதல் கேள்வி மட்டும் அதுவாகவே வந்தது.

"முளைச்சுதுங்களாம்மா?"

"இன்னும் இல்ல சாமி."

இருபத்தெட்டாம் தேதி உத்தரவு வந்தது. மறுநாள் காலை வடக்கு ரோடு. ஏழு நாள் ரோந்து. கேம்ப் கேட்டைத் தாண்டினால் நெட் கிடையாது. அன்று போனில் அவன் ஏழு நாள் பயிற்சி என்று சொல்லி வைத்தான். "அத்தை ரெண்டு நாளா கஞ்சிகூடக் குடிக்கறதில்லீங்க" என்று ஸ்டெஃபிதான் மெதுவாகச் சொன்னாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

காலை ஏழு மணி. வண்டிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன. செபாஸ்டின் கவசம் மாட்டி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான். போன் சிணுங்கியது. அப்பாவின் நம்பரிலிருந்து ஒரு போட்டோவும் குரல் பதிவும்.

முதலில் குரலைக் கேட்டான். "சாமி, முளைச்சிருச்சு. காலைல உங்கம்மாதான் மொதல்ல பாத்தா. பாத்துப்போட்டு இப்பத்தான் ரெண்டு இட்லி தின்னா. நீ தைரியமாப் போயிட்டு வா." அப்பாவின் குரல் எப்போதையும்விட வேகமாக ஓடியது.

போட்டோவைத் திறந்தான். தட்டு. விளிம்பில் பிளாஸ்திரி. செபாஸ்டின் என்று ஸ்டெஃபியின் கையெழுத்து. தட்டு நிறையப் பச்சை. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த எலி நின்றது. அவன் அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டான்.

ஹரிஹரன் ஹாரன் அடித்தான். ஒரு நிமிஷம் என்று கை காட்டிவிட்டு செபாஸ்டின் போட்டோவைப் பெரிதாக்கினான். பெரிதாக்கியவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

விதைத்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. மார்கழிக் குளிரில் வெள்ளக்கடையில் கேழ்வரகு மண்ணைக் கீறி மூக்கை நீட்டவே அத்தனை நாள் எடுக்கும். இதுவோ நாலு விரல் உயரம். அதுமட்டுமில்லை. கையால் தூவின விதை தாறுமாறாகத்தான் முளைக்கும். இது வரிசையாக நின்றது. இரண்டு விரல் இடைவெளி, நூல் பிடித்தது போல நேர் வரிசை. ஒவ்வொரு நாற்றின் அடியிலும் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம். நாற்பது வருஷமாகக் கேழ்வரகு நாற்று நட்ட கை. தட்டில் நட்டாலும் அதற்கு வேறு மாதிரி நடத் தெரியாது.

போட்டோவின் மூலையில், குடிலை ஒட்டி இன்னொரு தட்டு பாதி தெரிந்தது. பிளாஸ்திரியில் 'சிங்க' வரைக்கும் படிக்க முடிந்தது. அந்தத் தட்டின் நடுவில் பெரிய மொட்டை.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

செபாஸ்டினுக்குக் கண் மறைத்தது. ஹரிஹரன் இரண்டாவது முறை ஹாரன் அடித்தான். போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய்ப் பதிவை அழுத்தினான்.

"பாத்தேனுங்கப்பா. நொம்ப நல்லா வந்துருக்குது. அம்மாவை நல்லாச் சாப்புடச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "உங்க தட்டுக்கும் மறக்காம தண்ணி ஊத்துங்க."

செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் விழும்வரை நின்றான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.