ஒரே ஒருத்தி உட்காரும் கடை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, கேட்டார்கள், ஒத்துக்கொண்டேன். சுனாமிக்கு மூன்று வருடம் கழித்து, கடலூரில் வறுமையை ஒழிக்க வந்திருந்த ஒரு தொண்டு நிறுவனம் தன் ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக்கதை கேட்டது. பெண்ணை அவர்களே பொறுக்கி வைத்திருந்தார்கள். முடிவையும்தான்.

முதல் வரி: அமராவதி தனி ஆளாகப் போராடி

(அடித்துவிட்டேன். அவளைத் தனி ஆளாக யாரும் பார்த்ததில்லை.)

2

அமராவதி கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, சிதம்பரம் மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து விற்பவள். பக்கத்தில் தில்லையம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும். நால்வரில் ஒருத்தி வராவிட்டால், அவளுக்கும் சேர்த்து மற்றவர்கள் ஏலம் எடுப்பார்கள். அவள் மீனை விற்றுவிட்டுத்தான் தங்கள் கூடையைத் தொடுவார்கள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அமராவதி வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

(நிறுவன அதிகாரி சிவசங்கர் இந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார். நிறையப் பேர் வந்தால் வாசகர் குழம்புவாராம். குழம்பினீர்களா?)

3

வெற்றிக்குப் பரிசு உண்டு. பஸ் ஸ்டாண்டு அருகே மின்விசிறியோடு ஒரு தகரக் கடை. அமராவதிக்கு ஆசை வந்தது. ஏன் வரக்கூடாது? வெயிலில் உட்கார்ந்தே முதுகு தீய்ந்துபோனவள். நிபந்தனை ஒன்றுதான்: அங்கே வேறு யாராவது வியாபாரம் செய்தால் கடை பறிபோகும். திட்டத்தின் பெயர், 'நிலைத்த சமூக ஆதரவு'.

4

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதும், மற்ற மூவரும் வழக்கம்போல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். படத்துக்கு ஒருவர் போதும் என்று சிவசங்கர் பணிவாகத்தான் சொன்னார்.

"எனக்கு ஒடம்பு முடியலன்னா யாரு சார் விப்பாங்க?" என்று கேட்டாள் அமராவதி.

"அன்னிக்கு மூடிடும்மா."

"அன்னிக்கு சோறு?"

சிவசங்கர் புன்னகையுடன்

(அவருக்கு ஒரு நல்ல பதில் எழுதித்தரப் பார்த்தேன். அகப்படவில்லை.)

மூவரும் எழுந்துகொண்டார்கள். "நீ குந்துடி, ஒனக்காவது நெழல் கெடைக்கட்டும்" என்றாள் தில்லையம்மாள்.

அமராவதியும் எழுந்துவிட்டாள்.

5

முடிவு ஒன்று: திரும்ப உட்கார்ந்தாள். மலரில் இதுதான் வரும்.

முடிவு இரண்டு: கடையை விட்டு அவர்களோடு போய்விட்டாள். எழுத ஜோராக இருக்கிறது. வெயிலில் உட்காரப்போவது நானில்லையே.

மூன்றாவது ஒன்று வேண்டும். அதில் நால்வருக்கும் நிழல் இருக்க வேண்டும். அது எனக்கு எழுத வரவில்லை, நிறுவனமும் கேட்கவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், நாலு கூடை மீன் வெளியே இருக்கிறது, வெயில் ஏறிவிட்டது.