கவிழ்த்து வைத்த ஆறு கிளாஸ்கள்

1987 தவக்காலத்தின் நான்காம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிரீன் பே நகரத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் காசிமிர் சங்கத்தின் பார் மேசையில் ஆறு சின்னக் கிளாஸ்கள் வேர்விட்டன. அதே வாரம் பெர்ச் மீன் விலை ஏறியிருந்தது, ஆற்றில் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது. ஊர் முதலில் பேசியது மீன் விலையைப் பற்றித்தான்.

அந்தப் பக்கத்து பார்களில் ஒரு வழக்கம் உண்டு. கையில் இருப்பதை நீங்கள் குடித்து முடிப்பதற்குள் இன்னொருவர் உங்களுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், பார்க்காரர் ஒரு சின்னக் கிளாஸை உங்கள் முன்னால் கவிழ்த்து வைப்பார். உங்களுக்கு ஒன்று காத்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் குடிக்கும்வரை அந்த ஸ்டூல் உங்களுடையது. கிளாஸில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. உங்களை எழுப்பிவிட்டுக் கடையைச் சாத்தவும் கூடாது. காகித ஆலை வேலைநிறுத்தத்தில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள்கூட இதை மட்டும் மீறியதில்லை.

லொரெய்ன் டோம்பெக் முன்னால் அப்படியொரு கிளாஸை யாரும் கவிழ்த்ததே கிடையாது. கல்யாணமான வருஷத்திலிருந்து, கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் சங்கத்தின் சமையலறையில் மீன் பொரித்தவள் அவள். கூட ஐந்து பெண்கள். அந்த மீன் விற்றுத்தான் கூரை மாற்றினார்கள், பௌலிங் தளம் போட்டார்கள், கீழ்த்தளத்துக்குப் புதுக் கொதிகலன் வந்தது. ஆனாலும் சங்கத்தில் ஆண்கள்தான் உறுப்பினர். பெண்கள் குப்பைத்தொட்டி கிடக்கும் பின்வாசல் வழியாக வந்து, அதே வழியாகப் போகவேண்டும். புருஷன் செத்த பிறகும் லொரெய்ன் வந்தாள். வீட்டில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியாது. அந்த அடுப்படிதான் அவளுக்கு எல்லாம்; அதை எவனாவது பிடுங்குவான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பிடுங்கினார்கள். உள்ளே மீன் பொரிந்துகொண்டிருக்கும்போதே, முன்கூடத்தில் கை தூக்கி, கார் நிறுத்துமிடம் கட்டுகிற ஒருவனுக்குக் கட்டடத்தை விற்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். தலைவர் நார்பர்ட் குயாவாவுக்கு, விற்ற பணத்தில் தன் பங்கோடு அரிசோனாவில் போய் வெயில் காயும் ஆசை. கைதட்டல் கேட்டுத்தான் லொரெய்னுக்கு விஷயமே தெரிந்தது. மாவு அப்பிய கையோடு, ஐந்து பேரும் பின்னால் வர, கூடத்துக்குள் போனாள். நார்பர்ட்டும் அவளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

“யாரைக் கேட்டுடா வித்தே?”

“உறுப்பினர்களைக் கேட்டுத்தான் லொரெய்ன். எல்லாம் முறைப்படிதான்.”

“அப்ப நாங்க யாரு?”

“நீங்கல்லாம் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி. உங்களைத் தனியா வேற கேக்கணுமா?”

“வீட்டை விக்கிறப்போ வீட்டு ஆளைக் கேக்க மாட்டியா? வெக்கமா இல்ல உனக்கு?”

நார்பர்ட் மழுப்பப் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா சண்டை எதுக்கு? செஸ்டர், இங்க இருக்கிற எல்லாருக்கும் என் செலவுல ஒண்ணு!”

பார்க்காரர் செஸ்டர் நிமிர்ந்தார். “எல்லாருக்குமா?”

“காது கேக்கலையா உனக்கு? எல்லாருக்கும்!”

எல்லாருக்கும் என்றால் செஸ்டருக்கு எல்லாருக்கும்தான். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, பெண்கள் இப்போது குடிக்க மாட்டார்கள் என்று யோசித்து, மேசைக் கோடியில் ஆறு கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்தார். லொரெய்ன் அவற்றையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அதுவும் அடுப்பைப் பிடுங்கிய கையோடு. “எங்களுக்கு இப்போ தாகம் இல்ல,” என்றாள். ஆறு பேரும் அடுப்பை அணைத்தார்கள், ஏப்ரனைக் கழற்றிப் போட்டார்கள், முன்வாசல் வழியாக வெளியே போனார்கள்.

மறுநாள் செஸ்டரால் அந்தக் கிளாஸ்களை அசைக்க முடியவில்லை. கடப்பாரை வளைந்தது, ரம்பம் மழுங்கியது. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்தால், கண்ணாடி வேர்கள் பலகையைத் துளைத்துக்கொண்டு கை மொத்தத்துக்கு இறங்கி, அஸ்திவாரத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். வேர் இன்னும் கொஞ்சம் தடித்தது. மே மாதம் இடிக்கும் இயந்திரம் வந்து சுவரில் மோதியது; ஒடிந்தது இயந்திரத்தின் கைதான். அதை ஓட்டியவனும் அந்தப் பக்கத்துக்காரன். இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தான். “யாரோ குடிக்காம வெச்சிருக்காங்கன்னு முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்று நார்பர்ட்டைத் திட்டிவிட்டுப் போனான்.

நார்பர்ட் லொரெய்ன் வீட்டுக்கு ஓடினார். “ஒரு வாய், லொரெய்ன். ஒரே ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“பின்வாசலுக்கு வா, பேசுறேன்,” என்றாள். அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அதையும் தாழ்போட்டாள்.

கோடை முழுக்க ஆண்கள் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். வெள்ளிக்கிழமை மீன் இல்லை. அவர்களே பொரித்துப் பார்த்ததில் திரைச்சீலை எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் இலையுதிர் காலத்தில், வேறு வழியில்லாமல், ஆறு பேரையும் உறுப்பினராக்கினார்கள். மறு கூட்டத்தில் ஆறு கைகளோடு செஸ்டரின் கையும், மீனுக்கு ஏங்கிப்போன வேறு பல கைகளும் எழுந்தன. விற்பனை ரத்தானது.

இனிமேல் குடித்துவிடுவார்கள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். ஐந்து பேர் குடித்தார்கள். ஒவ்வொரு கிளாஸும் லேசாக எழும்பி வந்தது. லொரெய்ன் தன் ஸ்டூலில் உட்கார்ந்து கிளாஸைத் தூக்கினாள். தக்கை மாதிரி வந்தது. செஸ்டர் பிராந்தி பாட்டிலைச் சாய்க்கப் போனார். அவள் கிளாஸைத் திரும்ப அதே இடத்தில் கவிழ்த்தாள்.

“அதான் ஜெயிச்சிட்டியே, இன்னும் என்ன?” என்றார் நார்பர்ட்.

“என் சொந்த இடத்துக்குள்ள நுழைய நான் ஜெயிக்க வேண்டியிருந்திச்சே, அதுதான்டா.”

பிறகு இருபது வருஷம் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு கிளாஸில் குடித்தாள், சிரித்தாள், சீட்டாட்டத்தில் எல்லாரையும் தோற்கடித்தாள். நார்பர்ட் அரிசோனாவுக்குப் போகவே இல்லை. ஒரு பிப்ரவரியில் லொரெய்ன் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து சங்கத்தில் சாப்பாடு நடந்தபோது, இனியாவது வரும் என்று நாலைந்து பேர் அந்தக் கிளாஸை இழுத்துப் பார்த்தார்கள். கிழவர் நார்பர்ட்டும் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இம்மியும் அசையவில்லை.

“இன்னும் கோவமாத்தான் இருக்கா,” என்றார். கைத்தடியை எடுத்துக்கொண்டார். “இருக்கட்டும். நியாயம்தான்.”

அந்த ஸ்டூலை விட்டு, பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ஒரு தட்டு மீன் கேட்டார்.