ஓயாத அழுகை

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப் போட்ட வருடம் அது. என் முழங்காலும் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. வீட்டில் கிடந்தால் யார் சம்பளம் தருவார்கள்? கைக்குழந்தை உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய், பிள்ளையோடு பேசு, கொஞ்சு, அடிக்காதே என்று சொல்லித்தருவதுதான் டிரஸ்டில் என் வேலை.

அன்று மத்தியானம் அருள்புரம் லைன் வீட்டில் விஜயராணியின் கதவைத் திறந்ததும் எனக்குப் பகீரென்றது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த சின்னப்பெண் அவள். புருஷன் மாரிச்செல்வம் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தான். எட்டு மாதத் தனுஷ் பாயில் கிடந்தான். பனியன் வேஸ்ட் துணியைப் பந்தாகச் சுருட்டி அவன் வாயில் திணித்திருந்தது. மூக்கால் மூச்சு விட்டபடி என்னையே பார்த்தான்.

பாய்ந்து பிடுங்கினேன். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? பச்சப்புள்ளடி!" என்று கத்தினேன். கையைக்கூட ஓங்கிவிட்டேன், அடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான்!

சுவரோரம் உட்கார்ந்திருந்த விஜயராணி எழுந்திருக்கக்கூட இல்லை. "அழுகைய நிப்பாட்டவே மாட்டேங்கிறான்க்கா. ராவும் பகலும் இதே கூத்துதான். இந்தா, இப்பவும் அழுவுறானே, கேக்கலையா?"

தனுஷ் என் இடுப்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறாள்? பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கொடுத்தேன். "ரோட்டு முக்கு வரைக்கும் தூக்கீட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"இப்பச் சொல்லு கண்ணு. கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"எங்கிருந்து?"

அவள் மெல்லத் திரும்பி வெறும் பாயைக் காட்டினாள்.

காட்டிய விரல் அப்படியே நின்றது. பாயில் யாருமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப... அவன் அழுவவே இல்லையாக்கா?"

"இல்ல சாமி. உனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. புள்ள பெத்தவங்களுக்குச் சில பேருக்கு இப்படி வரும். டாக்டர்கிட்டக் காட்டுனாச் சரியாப் போகும். நானும் கூட வாரேன்."

ஆட்டோவில் பிள்ளையை என் மடியில்தான் வைத்திருந்தேன். வழியில் அவன் அம்மாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

"அழுவுறான்க்கா" என்றாள்.

அவள் கை அவன் வாயை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. பிறகு விலகி வந்து என் கையைப் பிடித்தது.

"இறுக்கிப் புடிச்சுக்கங்கக்கா" என்றாள். "விட்றாதீக."